எம்.எஸ்சி. வேதியியல்: சூத்திரம் தெரிகிறது, அது எங்கே உடையும் என்று தெரியவில்லை

பாம்பன் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு, இரண்டாம் பருவம் படிக்கிறேன். இளநிலை வரை தமிழ்வழியில் படித்தவள். பாம்பனிலிருந்து இராமநாதபுரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் போய் வருவதால், படிக்கக் கிடைக்கும் நேரத்தில் பாதி பேருந்திலேயே கழிந்துவிடுகிறது. இளநிலையில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு இப்போது மூன்று பாடங்கள் பிடிபடவே இல்லை: மூலக்கூறுகளின் சீர்மையைக் கணக்காக்கும் குலக் கோட்பாடு, மின்பகுளிக் கரைசல்களில் (அயனிகளாகப் பிரியும் உப்புகளின் கரைசல்களில்) அயனிகளின் நடத்தையைச் சொல்லும் டிபை–ஹக்கல் கோட்பாடு, அணுக்கள் வெளியில் அமையும் விதத்தைப் பேசும் புறவெளி வேதியியல். மூன்றையும் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதி வருகிறேன்.

சென்ற பருவச் செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்வியில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டிபை–ஹக்கல் எல்லை விதியை எழுதச் சொன்னார். எழுதினேன். "உங்கள் ஊர்க் கடல் தண்ணீருக்கு இதைப் போட்டுப் பார்த்தால், வரும் விடையை நம்புவீர்களா?" என்று கேட்டார். விதி என்றால் எல்லாக் கரைசலுக்கும் பொருந்தத்தானே வேண்டும் என்று எண்ணி, "நம்புவேன் ஐயா" என்றேன். அவர் சிரித்தபடியே அடுத்த மாணவரை அழைத்துவிட்டார். என் பதிலில் என்ன பிழை என்று அவரும் சொல்லவில்லை, வகுப்பில் கேட்டபோது பாடத்திட்டத்தில் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் கேள்விகள் இரண்டு. இந்தப் பாடங்களை மனப்பாடமாக அல்லாமல் படிப்பதற்கு உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்? அடுத்து, விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும் நிலையில், இப்படி ஆழமாகப் படிப்பது நேர விரயம் ஆகிவிடுமா?


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவர் சிரித்ததை மறந்துவிடுங்கள், ஆனால் அவர் கேட்ட கேள்வியை மறக்க வேண்டாம்; என் பார்வையில், அந்தப் பாடத்தில் கேட்கத்தக்க கேள்வி அதுதான். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் அரை மணி நேரத்தில் அதற்கு நீங்களே விடை காணலாம்.

கிலோவுக்கு 35 கிராம் உப்பு கொண்ட சராசரிக் கடல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோவுக்குக் குளோரைடு 0.546 மோல், சோடியம் 0.469 மோல், மக்னீசியம் 0.053 மோல், சல்பேட் 0.028 மோல், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.010 மோல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் மின்சுமையின் இருமடியால் பெருக்கிக் கூட்டி, வந்ததைப் பாதியாக்கினால் அயனி வலிமை ஏறத்தாழ 0.70 என வரும். அதன் வர்க்கமூலம் 0.837. எல்லை விதிப்படி இதை 0.509 ஆல் பெருக்கி எதிர்க்குறி இட்டால் −0.426, அதற்கு எதிர்மடக்கை எடுத்தால் சோடியம் குளோரைடின் சராசரிச் செயல்பாட்டுக் கெழு (அயனிகள் தம் செறிவில் எத்தனை பங்காகச் செயல்படுகின்றன என்ற எண்) 0.375. ஆனால் 0.7 மோலால் சோடியம் குளோரைடு கரைசலில் ஆய்வகத்தில் அளந்து கண்ட மதிப்போ 0.667. அதாவது உங்கள் விதி சொல்வது உண்மை மதிப்பின் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஈரிணைதிற அயனிகள் இரண்டு சேர்ந்த கால்சியம் சல்பேட்டுக்கு அதே விதியைப் போட்டால் 0.02 என்று வரும். அதை எழுதிக் காட்டவே கூச்சமாக இருக்கும்.

ஏன் உடைகிறது என்பதில்தான் பாடமே இருக்கிறது. 1923-இல் டிபையும் ஹக்கலும் அயனிகளைப் பருமனில்லாப் புள்ளிகளாகக் கொண்டார்கள். ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர்மின்சுமை மெல்லிய மேகமாகப் பரந்திருக்கிறது என்றும், அந்த மேகத்தின் மின்னாற்றல் வெப்ப ஆற்றலை விட மிகச் சிறியது என்றும் வைத்துக்கொண்டதால்தான், தீர்க்க முடியாத சமன்பாடு தீர்க்கக்கூடிய நேர்கோட்டுச் சமன்பாடாக மாறியது. அந்த மேகத்தின் தடிமனை நீரில் 25 டிகிரியில் கணக்கிட, 0.304 நானோமீட்டரை அயனி வலிமையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு மோலார் உப்புக் கரைசலில் அது ஏறத்தாழ 9.6 நானோமீட்டர், அங்கே மேகம் என்ற சொல் பொருந்தும். கடல்நீரில் அது 0.36 நானோமீட்டர். ஒரு நீர் மூலக்கூறின் குறுக்களவே ஏறத்தாழ 0.28 நானோமீட்டர் எனும்போது, அங்கே மேகத்துக்கு இடம் ஏது? அயனியும் அதன் பக்கத்து நீரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. புள்ளி என்ற கற்பனை அங்கே செல்லாது.

அயனியின் பருமனைச் சேர்த்து விரிவாக்கிய வடிவத்தை, அதன் எளிய உருவிலேயே போட்டால் 0.586 கிடைக்கும், உண்மையை நெருங்குகிறது, தொடவில்லை. அயனிகளுக்கிடையே அண்மையில் நிகழும் விசைகளையும் கணக்கில் கொண்டு 1973-இல் பிட்சர் தந்த சமன்பாடுகள்தாம் கடல்நீருக்கும் அதைவிடச் செறிந்த உவர்நீருக்கும் உதவுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தக் குறைக்கு எந்த உறுப்பைச் சேர்த்தார் என்று பாருங்கள், போதும்.

நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்த பழக்கம் ஒன்று உண்டு. குறிப்பேட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அங்கே அதன் அனுமானங்களையும், அது பொய்த்துப்போகும் ஓர் எண்ணையும் எழுத வேண்டும். சூத்திரத்தை எழுதுபவர்கள் நிறையப் பேர். எதிர்ப்பக்கத்தை நிரப்பியவர்கள் மிகச் சிலரே.


உப்பளத்து வேதியியலாளர் எழுதியது:

ஐயா எழுதியதற்கு உப்பளத்திலிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் தர ஆய்வு செய்கிறேன், எம்.எஸ்சி. படித்தபோது கரைதிறன் பெருக்கத்தை (அயனிச் செறிவுகளின் பெருக்கல் எந்த எல்லையைத் தாண்டினால் உப்பு படியும் என்ற எண்ணை) சரியாகப் புரிந்துகொள்ளாமலே தேறியவன்.

கடல்நீரில் கால்சியம் 0.0103 மோல், சல்பேட் 0.0282 மோல். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் 2.9 பங்கு. ஜிப்சத்தின், அதாவது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டின், கரைதிறன் பெருக்கமோ இலட்சத்தில் 2.5 பங்கு அளவில்தான் இருக்கிறது. பத்து மடங்குக்கு மேல் மிஞ்சிவிட்டது. இளநிலைப் பாடத்தின்படி பார்த்தால் மன்னார் வளைகுடாவின் அடி முழுவதும் ஜிப்சமாகப் படிந்திருக்க வேண்டும். படியவில்லை. வீழ்படிவைத் தீர்மானிப்பது செறிவுகளின் பெருக்கல் அன்று, செயல்பாடுகளின் பெருக்கல். கடல்நீரில் இவ்விரு அயனிகளின் செயல்பாட்டுக் கெழுக்கள் ஒன்றை விட மிகத் தாழ்ந்தவை என்பதோடு, சல்பேட்டின் ஒரு பகுதி மக்னீசியத்தோடும் சோடியத்தோடும் இணையாகச் சேர்ந்து நிற்கிறது. ஐயா சொன்ன 0.02-ஐ இதில் போட்டாலும் தவறுதான், இம்முறை மறுபக்கத் தவறு: ஜிப்சம் படியவே படியாது என்பது போல் ஆகிவிடும்.

உண்மையில் நடப்பதை எங்கள் பாத்திகளில் கண்ணாலேயே பார்க்கலாம். கடலிலிருந்து ஏற்றும் தண்ணீரில் கண்ணாடி மிதவைமானியை விட்டால், நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 3 டிகிரியை ஒட்டி நிற்கும். வெயிலில் காயக் காய மிதவை மேலெழும். நீரின் அளவு நான்கில் ஒரு பங்கை நெருங்கும் வேளையில்தான் பாத்தியின் அடியில் ஜிப்சம் தட்டுப்படும்; வெறுங்காலில் நடந்தால் ஊசி ஊசியாகக் குத்துவதை வைத்தே ஆட்கள் சொல்லிவிடுவார்கள். 25 டிகிரியை எட்டும்போது, அதாவது நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவில், சாப்பாட்டு உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும், ஈரமும் இழுக்கும். அதனால் அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஜிப்சத்தைத் தூய நீரில் கரைத்து அளவிட்டு, பிறகு சோடியம் குளோரைடின் அளவைக் கூட்டிக்கொண்டே போய் அளவிடுங்கள். கரைதிறன் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, பிறகு இறங்கும். ஏறுவதை ஐயா சொன்ன அயனிச் சூழலை வைத்து விளக்கலாம், இறங்குவதை விளக்க முடியாது. கால்சியத்தின் அளவைக் காணும் ஈடிடிஏ தரம்பார்த்தல் தெரிந்தால் போதும், வேறு கருவி எதுவும் வேண்டாம். முதுநிலைத் திட்டப்பணிக்கே இது தாங்கும்.


தொண்டி வாசகர் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கை நெட் பற்றியும் கேட்டிருக்கிறார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வேதி அறிவியல் தாளில் பகுதி அ-வில் 20 கேள்விகளில் 15, பகுதி ஆ-வில் 40-இல் 35, பகுதி இ-யில் 60-இல் 25 எழுத வேண்டும்; மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பகுதி இ மட்டுமே 100 மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் 4 மதிப்பெண், தவறினால் ஒன்று போய்விடும். அறுபதில் முப்பத்தைந்தை விட்டுவிடலாம் என்பதால், எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படித்தவரை விட, பாதிப் பாடங்களை அடிவரை படித்தவருக்கே அந்தப் பகுதி சாதகம். நான் இரண்டு முறை தவறவிட்டதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்ற பேராசைதான். மூன்றாம் முறை கரிம உலோகச் சேர்மங்கள், பெரிசைக்ளிக் வினைகள், குலக் கோட்பாடு, மின்வேதியியல் ஆகிய நான்கை மட்டும் பழைய வினாத்தாள்களோடு விடாமல் போட்டுப் பார்த்தேன், தேறினேன்.

ஆகவே ஆழமாகப் படிப்பது நேர விரயம் அன்று, ஆனால் எதை ஆழமாகப் படிப்பது என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிட்சர் சமன்பாடுகளுக்காக ஒரு மாதத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். ஐயா கோபிக்கக் கூடாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் வந்த நமக்கு இன்னொரு வேலையும் உண்டு: தமிழில் புரிந்துகொண்டு, கணக்கை ஆங்கிலக் கேள்வியை வைத்தே போட்டுப் பழக வேண்டும். பேருந்தில் அதைச் செய்யலாம். எனக்குத் தொண்டியிலிருந்து காரைக்குடி போகும் பேருந்துதான் படிப்பறையாக இருந்தது.


மண்டபம் ஆய்வாளர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் பலசர்க்கரைகளில் ஆய்வு செய்கிறேன். புறவெளி வேதியியலை யாரும் தொடவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் கரையில் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன் கிடைக்கிறது. இரண்டும் காலக்டோஸ் சங்கிலிகள். அகரின் முக்கியக் கூறான அகாரோஸில் டி-காலக்டோஸும் 3,6-அன்ஹைட்ரோ-எல்-காலக்டோஸும் மாறி மாறி வருகின்றன (டி, எல் என்பவை ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள்). கராஜீனனில் அந்த இரண்டாவது அலகும் டி வடிவம்தான்; அதோடு சல்பேட் தொகுதிகளும் ஒட்டியிருக்கும். சல்பேட்டை நீக்கிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த டி, எல் என்ற ஓரெழுத்துதான்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஆடிப் பிம்பங்களை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியால் பிரித்தறிய முடியாது என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் கார்பன்-13 நிறமாலையில், அன்ஹைட்ரோ அலகின் முதல் கார்பன் அகாரோஸில் 98 பிபிஎம் அருகிலும், கராஜீனன் வகையில் 95 பிபிஎம் அருகிலும் தோன்றுவது எப்படி? மேலே படிப்பதற்கு முன் சற்று யோசியுங்கள். சங்கிலி முழுவதையும் கண்ணாடியில் காட்டினால்தான் ஆடிப் பிம்பம். ஒரே ஓர் அலகை மட்டும் மாற்றினால் டி–எல் இணையும் டி–டி இணையும் ஒன்றுக்கொன்று டயாஸ்டீரியோமர்கள், அதாவது ஆடிப் பிம்பம் அல்லாத புறவெளி வடிவங்கள். அவற்றின் இயற்பியல் பண்புகள் எல்லாமே வேறுபடும். பாடநூலில் டார்டாரிக் அமிலத்தைக் காட்டிச் சொல்வதை, நான் இங்கே பாசிக் கஞ்சியில் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அகர் எடுக்கும்போது காரத்தில் வேகவைப்பதிலும் ஒரு முதுநிலைப் பாடம் இருக்கிறது. பாசியில் சில இடங்களில் எல்-காலக்டோஸின் ஆறாம் கார்பனில் சல்பேட் ஒட்டியிருக்கும். காரம் மூன்றாம் கார்பனின் ஹைட்ராக்சிலிலிருந்து புரோட்டானைப் பறிக்க, அந்த ஆக்சிஜன் அதே வளையத்தின் ஆறாம் கார்பனைத் தாக்கிச் சல்பேட்டை வெளியே தள்ளுகிறது; மூலக்கூறுக்குள்ளேயே நடக்கும் எஸ்.என்.2 வினை (ஒரு தொகுதி தாக்கும்போதே மற்றொன்று விலகும் பதிலீடு). தாக்குவதற்கு வசதியாக வளையத்தின் நாற்காலி வடிவம் புரண்டாக வேண்டும். புரண்டு பாலம் விழுந்த பிறகுதான் சங்கிலி ஒழுங்காகச் சுருண்டு, கூழ் இறுகுகிறது. கடையில் விற்கும் அகர் அகர் நன்றாக உறைவதற்கும் உங்கள் தேர்வுத்தாளின் நாற்காலி வடிவத்துக்கும் உள்ள உறவு இதுதான்.

வலம்புரிச் சங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலங்கியலார் அதை இடச்சுழிச் சங்கு என்பார்கள், நாம் வலம்புரி என்கிறோம். யாரும் தவறு செய்யவில்லை. அவர்கள் சுருள் முனையை மேலே பிடித்து வாய் இடப்பக்கம் திறப்பதைப் பார்க்கிறார்கள், நம்மவர்கள் நீர் வார்க்கும் முனையை மேலே பிடிப்பதால் வாய் வலப்பக்கம் வருகிறது. எப்படிப் பிடித்தாலும் சங்கின் சுருள் மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆடிப் பிம்ப வடிவங்களுக்கு இடும் ஆர், எஸ் என்ற பெயருக்கும், ஒளியை வலமாகத் திருப்புகிறதா இடமாகத் திருப்புகிறதா என்பதற்கும் நேர்த்தொடர்பு இல்லை என்று எழுதி எழுதிக் குழம்பும்போதெல்லாம் எனக்கு இந்தச் சங்குதான் நினைவுக்கு வரும்.


பாம்பன் மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன கணக்கை இரண்டு முறை போட்டேன்; முதல் முறை மக்னீசியத்தின் மின்சுமையை இருமடியாக்க மறந்ததால் 0.62 வந்தது, இரண்டாம் முறை 0.70 வந்துவிட்டது. தொண்டி அண்ணன் சொன்னபடி பழைய வினாத்தாள்களையும் எடுத்துக்கொண்டேன்.

குலக் கோட்பாட்டிலும் எதையாவது கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம் என்று, வலையில் சிக்கிக் காய்ந்து கிடந்த ஒரு நட்சத்திர மீனை எடுத்துவந்தேன். ஐந்து கைகள் இருப்பதால் அதன் சீர்மைக் குலம் டி-5-எச் என்று எழுதினேன். ஆனால் ஒவ்வொரு சீர்மைச் செயலுக்கும் ஓர் எண் தரும் கேரக்டர் அட்டவணைகளில், ஐந்துமடிச் சீர்மைக்கு உரியது எதை எடுத்தாலும் 0.618, −1.618 என்று தசம எண்கள் வருகின்றன. நீர் மூலக்கூறுக்கு 1, −1 என்று முழு எண்கள் மட்டுமே வந்தன. சீர்மைச் செயல் ஒன்றுக்குத் தசம எண் எப்படி வரும்?


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தொண்டித் தம்பிமேல் கோபம் இல்லை. ஒரு மாதம் வேண்டாம், ஒரு மாலை போதும்.

முதலில் மீனைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. அடிப்பக்கத்தில் வாயும், ஒவ்வொரு கையின் நடுவிலும் ஓடும் பள்ளமும் இருக்கும். முதுகுப்பக்கத்தில் அவை இல்லை. மேலும் கீழும் வேறு வேறு என்பதால் கிடைமட்ட ஆடித்தளம் கிடையாது. ஆகவே அது டி-5-எச் அன்று, ஐந்துமடி அச்சும் செங்குத்து ஆடித்தளங்களும் மட்டும் கொண்ட சி-5-வி.

தசம எண் வருவதற்குக் காரணம் எளிது. எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டும் 72 டிகிரி சுழலும்போது ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்தச் சுழற்சி அணியின் மூலைவிட்டக் கூடுதல்தான் கேரக்டர். அது 72 டிகிரியின் கொசைனைப் போல இரு மடங்கு, அதாவது 0.618. அடுத்தது 144 டிகிரி, −1.618. நீர் மூலக்கூறில் 180 டிகிரிச் சுழற்சி மட்டும் இருப்பதால் அச்சுகள் கலப்பதில்லை, குறிதான் மாறும். 0.618 வரும் ஈ-1 வரிசையை, எல்லாம் 1 ஆக இருக்கும் முழுச்சீர்மை வரிசையோடு செங்குத்து விதிப்படி (இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் சுழியம் வர வேண்டும்) சோதியுங்கள்: 2, அதனோடு 1.236, அதிலிருந்து 3.236 போக, ஆடித்தளங்களுக்குச் சுழியம். கூடுதல் சுழியம்தான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? முதுகில், நட்ட நடுவில் இல்லாமல் இரண்டு கைகளுக்கு இடையே சற்று விலகி, சிறு பொத்தான் போன்ற ஒரு தட்டு இருக்கும். மீன் கடல்நீரை உள்ளே எடுக்கும் சல்லடை அது. அதையும் கணக்கில் கொண்டால் ஐந்துமடி அச்சு போய்விடும். அந்தத் தட்டையும் அதற்கு எதிரே உள்ள கையையும் பிளந்து செல்லும் ஒரே ஓர் ஆடித்தளம் மட்டும் மிஞ்சும், அதாவது சி-எஸ். அப்போது நீங்கள் கண்ட ஈ-1 என்ற இரட்டை வரிசை இரண்டு ஒற்றை வரிசைகளாகப் பிரியும். எந்த இரண்டாக என்று பிரித்து எழுதி இங்கே இடுங்கள். எண்முகிக் காப்பர் அணைவு ஓர் அச்சில் நீளும்போது அதன் டி ஆர்பிட்டால்கள் பிரிவதையும் அதே முறையில் அடுத்துப் போடுவோம்.